நான் நீக்கிய வரி

நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்தில் என் மேசைக்கு வந்திருக்கும் பிள்ளை போன மாதம் தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்டாள். புதிதாக வந்திருக்கும் மென்பொருள், சி என்ற கம்பியூட்டர் மொழியில் எழுதிய புரோகிராமைத் தானே படித்து, அதற்கு வேண்டிய அறிவிப்பு வரிகளையும் தானே எழுதிவிடுகிறதாம். அப்படியிருக்க, எந்த அறிவிப்பையும் முதலில் அதற்குரிய கோப்போடு சேர்த்துப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது என்று நான் சுவரில் ஒட்டிவிட்டு வந்த தாளை இனிக் கழற்றலாமா என்று கேட்டாள். கழற்ற வேண்டாம் என்றேன். ஏன் மிஸ் என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவள் கேட்ட ஏனுக்குப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வெலிமடைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். தட்டச்சுப் பழகி, பதுளையில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊவா மலைத் தோட்டங்களில் எங்கே மண் சரியக்கூடும் என்று கவனிப்பதற்காக வைத்திருந்த சிறிய அலுவலகம் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு கம்பியூட்டர் வந்து இறங்கியது. அதைத் தொட எல்லோரும் பயந்தார்கள். நான் எதற்கும் பயப்படுகிறவள் என்பதால் எனக்கு அது ஒரு புதுப் பயமாகத் தெரியவில்லை. கண்டிக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனபோது தட்டச்சுக்காரி, வந்தபோது புரோகிராம் எழுதுகிறவள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

லயத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கு வந்த முதல் ஆள் நான். நான் விடும் பிழை என்னோடு நிற்காது, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோர் தலையிலும் விழும் என்று எனக்கு ஓர் எண்ணம். யாரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரியும்.

வேலை இதுதான். ஒவ்வொரு தோட்டத்திலும் தேயிலை ஸ்டோருக்கு முன்னால் வெட்டவெளியில் ஒரு மழைமானி இருக்கும். காலை எட்டரை மணிக்கு ஒருவர் அதன் போத்தலை எடுத்து, விழுந்த மழையை அளந்து, எங்களுக்குப் போனில் சொல்வார். நான் அதைத் திருப்பிச் சொல்வேன். அவர் சரி என்ற பிறகே கம்பியூட்டரில் ஏற்றுவேன். புரோகிராம் மூன்று நாள் மழையைக் கூட்டும். அதை வைத்து ஓர் அபாய எண் தரும். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால், அந்த இடத்து மலைச்சரிவு எவ்வளவு செங்குத்து என்பதையும் சேர்த்துக்கொண்டு தனியாகக் கனமழைக் கணக்குப் போடும். பூச்சியம் என்றால் பயமில்லை. ஆறுக்கு மேல் போனால் ஆட்களை லயத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். பத்து மணிக்குப் பட்டியல் வரும். நானே ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன் பண்ணி வாசிப்பேன்.

சபாரத்தினம் சேர் எங்கள் மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்துவிட்டு இந்த உத்தியோகத்துக்கு வந்தவர். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நாம் அச்சடித்த தாளை அவர் முன்னால் வைத்தால், சட்டைப் பையிலிருந்து கூர் சீவிய பென்சிலை எடுப்பார். கோடு போடும் மர அடிமட்டத்தை முதல் வரியின் கீழே வைப்பார். அந்த வரியை வாய்க்குள் வாசிப்பார். மூலத் தாளில் அதே வரியைத் தேடி இடது கை விரலை வைப்பார். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி. பிறகு அடிமட்டம் ஒரு வரி இறங்கும். ஒத்துப்போகாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அடிமட்டத்தை அந்த வரியிலேயே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் பிழையை நாமே கண்டுபிடித்துத் திருத்தி வைத்திருக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரே பக்கத்தில் மூன்று தடவை அடிமட்டம் நின்றுவிட்டது. மூன்றாம் தடவை நான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திருத்தினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பழைய கம்பியூட்டர் படுத்துவிட்டது. புதியது வந்தது, புதிய கம்பைலரோடு. நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். எங்கள் மழைப் புரோகிராமை எழுதியவர் ஒரு பொறியியலாளர். முதல் கம்பியூட்டர் வந்த புதிதில், எண்பதுகளின் பழைய பாணியில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். முப்பத்தொரு கோப்பு, இருநூறுக்கு மேல் ஃபங்ஷன். ஃபங்ஷன் என்பது புரோகிராமுக்குள் ஒரு வேலையைச் செய்து கொடுக்கும் சிறு பகுதி. அதற்கு எத்தனை எண்கள் கொடுக்க வேண்டும், எந்த வகை எண் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஒற்றை வரிதான் அறிவிப்பு. பழைய கம்பைலர் அறிவிப்புக் கேட்கவில்லை. புதியது ஒவ்வொன்றுக்கும் கேட்டு எச்சரிக்கை போட்டது. ஓர் எச்சரிக்கைகூட இருக்கக் கூடாது, எல்லா அறிவிப்பையும் எழுதி ஒரே கோப்பில் சேர்த்துத் தாரும் என்றார் சேர்.

ஒன்பது நாள் கையால் எழுதினேன். எழுதுவேன், சரிபார்ப்பேன், சந்தேகம் வரும், மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பேன். ஒன்பது நாளில் ஐம்பதுகூட முடியவில்லை. அப்போது கண்டியில் என்னோடு படித்த ஒருத்தி தபாலில் ஒரு பிளாப்பி அனுப்பினாள். அதில் இருந்த சிறு மென்பொருள் கருவி, புரோகிராமைப் படித்து அறிவிப்புகளைத் தானே எழுதும். ஓடவிட்டேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, இருநூற்றுச் சொச்சமும் வரிசையாக வந்து நின்றன. எனக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை.

சந்தோஷம் மத்தியானம் வரைதான். அச்சடித்து மூலத்தோடு வைத்துப் பார்த்தபோது மூன்று இடத்தில் வித்தியாசம் தெரிந்தது. மூலத்தில் ஃபுளோட் என்று இருந்ததைக் கருவி டபிள் என்று மாற்றி எழுதியிருந்தது. ஃபுளோட் நான்கு பைட்டில் அடங்கும் சிறிய தசம எண். டபிள் எட்டு பைட்டு பிடிக்கும் பெரியது.

கருவி எழுதியதுதான் சரி. பழைய பாணி ஃபங்ஷன்களில் ஃபுளோட் என்று எழுதியிருந்தாலும், எண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கைமாறும்போது டபிளாகத்தான் மாறும். அதைத் தெரிந்துதான் கருவி மாற்றி எழுதியது. இதைக் கண்டியில் ஒரு மத்தியானம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் குறிப்பும் எடுத்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது குறிப்பு அல்ல, அடிமட்டம். சேர் எழுத்துக்கு எழுத்துப் பார்ப்பார். மூன்று இடத்தில் அடிமட்டம் நிற்கும். கருவியை வைத்து எழுதியதே அவருக்குப் பிடிக்குமோ என்னவோ, அதில் மூன்று பிழை வேறா என்று நினைத்தேன்.

கருவியில் அதற்கும் வழி இருந்தது. கட்டளையோடு ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் எதையும் மாற்றாமல், மூலத்தில் இருப்பதை அப்படியே எழுதும். சேர்த்துக் கொடுத்தேன். மூன்று இடத்திலும் ஃபுளோட் வந்தது. தாளைக் கொண்டுபோய் வைத்தேன்.

சேர் ஒன்றரை நாள் எடுத்தார். அடிமட்டம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள். கடைசித் தாளைத் திருப்பிவிட்டு, "வடிவாச் செய்திருக்கிறீர், பிள்ளை" என்றார். அந்த அலுவலகத்தில் அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு. அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அறிவிப்புக் கோப்பை முப்பத்தொரு கோப்பிலும் சேர்த்துக் கம்பைல் பண்ணினேன். முப்பது கோப்பு ஒழுங்காகப் போயின. ஒன்றில் மட்டும் பிழை. கனமழைக் கணக்கைப் போடும் அந்த மூன்று ஃபங்ஷனும் இருந்த கோப்பு அது. அறிவிப்பும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றது கம்பைலர். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருந்தன. ஓரத்தில் சேருடைய புள்ளியும் இருந்தது. சேர் சரி என்றதைக் கம்பைலர் பிழை என்றால், பிழை கம்பைலருடையது என்று முடிவு கட்டினேன். சேரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் கருவியின் கதை வரும், நான் மாற்றிய கதை வரும், அந்தப் பாராட்டுத் திரும்பிப் போய்விடும். அறிவிப்புக் கோப்பைச் சேர்க்கும் வரியை அந்த ஒரு கோப்பிலிருந்து மட்டும் எடுத்துவிட்டேன். பிழை மறைந்தது. அந்தக் கோப்பு வேறு எந்த ஃபங்ஷனையும் கூப்பிடாததால் எச்சரிக்கைகூட இல்லை.

அதன் விளைவு என்ன என்று எல்லோருக்கும் புரியும்படி சொல்கிறேன். கொடுக்கிறவன் நான்கு படி அரிசி அளந்து வைக்கிறான். எடுக்கிறவனுக்கு எட்டுப் படி என்று சொல்லியிருக்கிறது. அவன் நான்கை எடுத்துவிட்டு, மிச்ச நான்குக்குப் பக்கத்து மூட்டையில் கையை விடுவான். பக்கத்து மூட்டையில் அரிசியா, உமியா, மண்ணா, அது அவன் பாடு. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்திருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். அந்தச் சண்டையைத்தான் கம்பைலர் எனக்குக் காட்டியது. நான் இருவரையும் வேறு வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

சோதனை செய்யாமல் இல்லை. ஆவணி மாதத்து அளவுகளைப் போட்டுப் பார்த்தோம். பழைய பட்டியலும் புதியதும் தசமம் தவறாமல் ஒத்துப்போயின. ஊவாவில் ஆவணியில் மழை ஏது? எல்லை தாண்டும் மழை வந்தால்தான் அந்த மூன்று ஃபங்ஷனுக்கும் வேலை. பெருமழை நாட்களின் ஏடுகள் தோட்டங்களில் இருந்தன, வரவழைக்க நாளாகும் என்று விட்டுவிட்டோம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். பட்டியல் ஒரு வாரம் சரியாக வந்தது, ஒரு மாதம் சரியாக வந்தது. கம்பைலர்தான் பிழை என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

கார்த்திகை வந்தது. ஒரு தடவை மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ராமையா அண்ணன் வழக்கம்போலப் போன் பண்ணினார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ராமையா அண்ணன் அங்கே கணக்கப்பிள்ளை, மழைமானியும் அவர் பொறுப்பில். மற்றவர்கள் அளவை ஒரு தடவை சொல்வார்கள், அவர் இரண்டு தடவை சொல்வார். அன்றும் இரண்டு தடவை சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். மேல் பிரிவு லயத்து ஆட்கள் விடியும்போதே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்களாம். லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்புத் தெரிகிறதாம். பதுளைப் பட்டியல் வரட்டும், அதைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று தோட்டத்து மனேஜர் துரை சொல்லியிருக்கிறாராம்.

பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. நான் ஒவ்வொரு தோட்டமாக வாசித்துக்கொண்டு வந்து ராமையா அண்ணனுக்குப் போன் பண்ணினேன். மேல் பிரிவுக்கு நேராகப் பூச்சியம் இருந்தது. வாசித்தேன்.

"சைபருங்களா மிஸ்?"

"ஆமாண்ணே. சைபர்."

"கம்பியூட்டரு சொன்னா சரிங்க. ஆளுங்கள லயத்துக்குப் போகச் சொல்லிர்றேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆட்கள் மழையில் அலைய வேண்டாம், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சூடாக ஏதாவது சாப்பிடலாம் என்று நினைத்தேன். இருபத்திரண்டு குடும்பத்தை அந்த மலைச்சரிவுக்குக் கீழே திருப்பி அனுப்பியது நான் வாசித்த அந்த ஒரு சொல்.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, பொழுது போகாமல் பட்டியலைப் பார்த்தேன். எல்ல ஊர்ப் பக்கத்து ஒரு தோட்டத்தில் மழை கொஞ்சம் குறைவு, அபாய எண் மூன்று. வேறொன்றில் நான்கு. மழை ஏற ஏற எண்ணும் ஏறிக்கொண்டு போனது. ஆனால் எல்லாவற்றிலும் அதிக மழை விழுந்த மூன்று இடத்துக்கு மட்டும் பூச்சியம். இரண்டு இடம் ஆட்கள் குடியிருக்காத காடு. மூன்றாவது மேல் பிரிவு. யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எந்தக் கோப்பு, எந்த வரி என்று எனக்குத் தெரியும்.

சேர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் பட்டியலை அவர் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். சொல்ல நினைத்தது ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. கருவி, ஃபுளோட், நான் எடுத்த வரி, ஆட்கள் லயத்துக்குப் போய்விட்டார்கள் என்று முன்பின்னாக உளறினேன். அவர் எழுந்து கையைக் கழுவினார். பென்சிலை எடுத்தார். மேல் பிரிவின் மூன்று நாள் மழையையும் மலைச்சரிவின் அளவையும் கேட்டு, தாளில் கணக்குப் போட்டார். நிதானமாகத்தான் போட்டார், எனக்கு அந்த நிதானத்தைத் தாங்க முடியவில்லை. ஏழுக்கு மேல் வந்தது. இன்னொரு தடவை போட்டார். அதே விடை.

"போனை எடும், பிள்ளை."

தோட்டத்து ஆபீசில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரம், யாரும் இல்லை. வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ காவல்காரர் எடுத்தார். ராமையா அண்ணனைக் கூப்பிடுங்கள் என்றேன். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அங்கே தகரக் கூரையில் மழை விழும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது. அந்தச் சத்தம் நின்று வேறு சத்தம் ஏதும் கேட்குமோ என்று பயந்து, ஒரு கட்டத்தில் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். சேர் பக்கத்தில் நின்றார். கடைசியில் ராமையா அண்ணன் வந்து ரிசீவரை எடுத்தார்.

"அண்ணே, மேல் பிரிவு ஆளுங்கள உடனே எறக்குங்க. ஒருத்தர் இருக்கக் கூடாது."

"காலையில சைபர்னு சொன்னீங்களே மிஸ்?"

நான் சொல்ல வாயெடுத்தேன். சேர் கையை நீட்டித் தடுத்தார். "விளக்கம் பிறகு. முதல் ஆக்களை இறக்கச் சொல்லும்" என்றார். அவர் சொன்னது நியாயம். அப்போது விளக்கிக்கொண்டு நிற்க நேரமில்லை.

"கணக்கு மாறிருச்சுண்ணே" என்றேன்.

அவர் போனை வைக்காமலே ஓடியிருக்க வேண்டும், மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

லயத்தில் நடந்ததைப் பிற்பாடு மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லையாம். காலையில் நீங்கதானே போகச் சொன்னீங்க, இப்ப வரச் சொல்றீங்க, நாங்க என்ன ஆடா மாடா என்று கேட்டார்களாம். உலை வைத்தவர்கள் சோறு வடித்துவிட்டு வருகிறோம் என்றார்களாம். ராமையா அண்ணன் யாரோடும் வாதாடவில்லை. ஒவ்வொரு வீட்டுக் காம்பராவாக நுழைந்து, பிள்ளைகளை மட்டும் தூக்கி வெளியே விட்டாராம். பிள்ளை மழையில் நின்றால் தாய் பின்னால் வராமல் இருப்பாளா? அப்படியே எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மூன்றரை மணிக்கு மலைச்சரிவு இறங்கியது. லயத்தின் மேல் வரிசையில் ஏழு காம்பராவை மண் மூடியது. ஒரு பசுவும் கன்றும் போயின. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

செய்தி வந்தபோது நான் மேசையில் தலையை வைத்துவிட்டேன். சேர் என் அலமாரியிலிருந்து அறிவிப்புத் தாள்களை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். அந்த மூன்று வரிகளில் ஒன்றின் கீழே அடிமட்டத்தை வைத்தார்.

"இந்தப் புள்ளி என்ர. எழுத்துக்கு எழுத்து ஒண்டு எண்டு பாத்து வைச்சது நான். என்ன அர்த்தம் எண்டு நானும் பாக்கேல்லை."

அதற்குப் பிறகு அவர் அறிவிப்புகளுக்கு அடிமட்டம் வைத்து நான் பார்க்கவில்லை. கருவி எழுதினாலும் கை எழுதினாலும், அறிவிப்பை முதலில் அந்த ஃபங்ஷன் இருக்கும் கோப்பிலேயே சேர்த்துக் கம்பைல் பண்ண வேண்டும், அங்கே பிழை வந்தால் மற்ற எதையும் தொடக் கூடாது என்று முறை வைத்தார். கருவி பாவம், அது முதல் தடவையே சரியாகத்தான் எழுதியது. மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் புரோகிராமில் இருந்த பிழை திருத்தப்பட்டது என்று ஒரு வரி எழுதினார். யார் பெயரும் போடவில்லை. சில வருடங்களில் ஓய்வு பெற்றுக் கொழும்புக்குப் போனார். இப்போது இல்லை.

எனக்கு நடந்ததுதான் விசித்திரம். அந்தத் தோட்டத்தில் நான் உயிரைக் காப்பாற்றியவள் ஆகிவிட்டேன். பதுளை மிஸ் போன் போட்டதால்தான் பிழைத்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள். அடுத்த கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டு, முன்னால் உட்காரவைத்து, மாலை போட்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை என் மடியில் வைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொல்லவில்லை. பயம்தான், வேறு காரணம் கிடையாது. ஒவ்வொரு வருடமும் போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்றும் பயம்.

ராமையா அண்ணன் அந்த மழைக்குப் பிறகு மழைமானிப் பொறுப்பை விட்டுவிட்டார். கண் மங்கிவிட்டது என்றார்கள். திருவிழாவில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பார். நான் கும்பிட்டால் கும்பிடுவார், பக்கத்தில் வரமாட்டார். வயதாகிவிட்டது, கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம் திருவிழாவில் அவரைக் காணவில்லை. விசாரித்தபோது ஹாலிஎல டவுனில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். இனி வேலை போகும் என்ற பயமும் இல்லை, அவருக்காவது சொல்லிவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வாசல் அறையில் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் என்றாலும் உட்காரவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். கருவி, ஃபுளோட் எல்லாம் அவருக்கு எதற்கு? நான் ஒரு வரியை எடுத்துவிட்டேன், அதனால் கம்பியூட்டர் பூச்சியம் காட்டியது, பிழை முழுக்க என்னுடையது என்றேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப நான் அளந்தது சரிங்களா மிஸ்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கணக்கு மாறிருச்சுன்னு சொன்னீங்களே. நான் போத்தல தப்பா வாசிச்சுக் குடுத்ததாலதான் சைபர் வந்திருச்சுன்னு நெனச்சேன். அத்தன குடும்பத்தயும் நானே கூட்டிக்கிட்டுப் போயி லயத்துல விட்டேங்க. அன்னையிலருந்து அந்த மானிக்கிட்டப் போகல. யாருகிட்டயும் சொல்லல, எம் பொஞ்சாதிக்கும் சொல்லல. அவ போயிட்டா."

பன்னிரண்டு வருடங்களுக்கு மேல். நான் மாலை வாங்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு திருவிழாவிலும் இந்த மனிதர் அதைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றிருக்கிறார். என் பயத்தால் எனக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரிதாண்ணே" என்றேன். "நீங்க அளந்தது சரி. சொன்னதும் சரி. ரெண்டு தடவ சொன்னீங்க, ரெண்டும் சரி."

அவர் குசினிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். அடுப்பு வேலையாக இருக்கிறேன் என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள். அணைச்சிட்டு வா என்றார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இப்ப சொல்லுங்க மிஸ்" என்றார். "இவளும் கேக்கட்டும்."

நான் முதலிலிருந்து சொன்னேன்.